ஐ.டி. வேலையை விடாமல் ஆப்டோமெட்ரி கல்லூரிக்கு அனுபவம் சேர்ப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டாலஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, முப்பதைத் தாண்டிய வயது, தமிழ்நாட்டில் முடித்த பி.இ. இப்போது ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைத் துறை, படித்து ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம் வாங்க ஆசை. "எத்தனை மணி நேரம் ஷேடோயிங் இருந்தால் சீட் கிடைக்கும்? இந்த வேலையை விட்டுவிட்டு ஒரு கண் கிளினிக்கில் டெக்னீஷியனாகச் சேர்ந்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஷேடோயிங் என்றால் மருத்துவர் வேலை செய்யும்போது கூட நின்று பார்ப்பது. மணிக்கணக்கைக் கேட்பதுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சம்பளத்தை இழக்காமல், தேர்வுக் குழு மதிக்கிற அனுபவத்தை எங்கே சேர்ப்பது என்பது ஒன்று. இந்தத் தொழில் எனக்கு ஒத்துவருமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒழுங்காகப் பதில் தேடினால் முதலாவதில் பாதி அதோடு முடிந்துவிடும். நான் இந்தத் துறையில் வேலை செய்பவன், ஷேடோயிங் கேட்டு வருகிறவர்களை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவன் என்பதால் அந்தக் கோணத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான எண் எதுவும் கிடையாது, இது உறுதி. சில கல்லூரிகள் குறைந்தபட்சம் கேட்கும், சில "பல வகைக் கிளினிக்குகளைப் பார்த்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லும், சில வற்புறுத்துவதே இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு, அதாவது ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் சான் அன்டோனியோவில் உள்ள ரோசன்பெர்க் கல்லூரியும், இந்த ஆண்டு என்ன கேட்கின்றன என்பதை அவர்களுடைய சேர்க்கைப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் சுற்றுகிற "நூறு மணி நேரம் இருந்தால் போதும்", "இருநூறு இல்லாமல் விண்ணப்பிக்காதே" எல்லாம் யாரோ ஒருவருக்கு நடந்தது. என் கணிப்பைக் கேட்டால், மூன்று நான்கு வகையான இடங்களில் சேர்த்து ஐம்பது மணி நேரம், அதில் ஒரே ஒரு மருத்துவரிடம் மட்டும் மாதக்கணக்கில் தொடர்ந்து போன பழக்கம், இது ஒரே கடையில் உட்கார்ந்து சேர்த்த இருநூறு மணி நேரத்தைவிடக் கனமானது. கணிப்புதான், விதி அல்ல. ஆனால் காரணம் இருக்கிறது. நேர்காணலில் "இந்தத் தொழிலில் உனக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்டால், ஒரே இடத்தைப் பார்த்தவரிடம் சொல்ல எதுவும் இருக்காது.

வேலையை இப்போது விட வேண்டாம். வரிசை முக்கியம். முதலில் ஷேடோயிங், பிறகு முன்தேவைப் பாடங்கள், அதற்குப் பிறகுதான் டெக்னீஷியன் வேலையைப் பற்றிய யோசனை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்தேவைப் பாடங்கள் உங்களுக்கு நிறைய பாக்கி இருக்கும். உயிரியல், பொது வேதியியல், இயற்பியல் மூன்றும் லேப்போடு ஓராண்டு, அதற்கு மேல் கரிம வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், பல இடங்களில் உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், உளவியல். பி.இ.யில் படித்த கணக்கும் இயற்பியலும் சில கல்லூரிகளில் செல்லும். ஆனால் வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை மதிப்பீடு செய்து அனுப்பச் சொல்வதோடு, அறிவியல் பாடங்களை அமெரிக்காவில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிற கல்லூரிகளும் உண்டு. பழைய பாடங்களுக்கு ஐந்து, பத்து ஆண்டு காலக்கெடு வைக்கிறவர்களும் உண்டு. சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பாக எடுத்தாலும் இரண்டு ஆண்டு ஓடிவிடும். அந்த இரண்டு ஆண்டையும் பணத்தையும் போடுவதற்கு முன்னால் நாலு சனிக்கிழமை ஒரு கிளினிக்கில் நின்று பார்ப்பது மலிவான பரிசோதனை. ஓ.ஏ.டி. நுழைவுத் தேர்வு அதற்கும் பிறகுதான். அதன் அளவுகோல் 200 முதல் 400 வரை. இயற்பியல் தனிப் பகுதியாகவே வரும், பொறியியல் படித்தவருக்கு அது சாதகம். உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30 என்று நூறு கேள்விகளை 90 நிமிடத்தில் முடிக்க வேண்டிய பகுதிதான் உங்களை வாட்டும்.

எங்கே போவது? முதல் இடம், நீங்களே கண்ணைக் காட்டுகிற ஆப்டோமெட்ரிஸ்ட். உங்கள் பெயர் அவர்களுடைய கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, அந்நியராகப் போய் நிற்க வேண்டியதில்லை. அடுத்து காஸ்ட்கோ, வால்மார்ட், லென்ஸ்கிராஃப்டர்ஸ் போன்ற கடைகளை ஒட்டிய கிளினிக். இங்கே ஒரு நுணுக்கம். பல இடங்களில் அந்த மருத்துவர் கடையின் ஊழியர் அல்ல, பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் நடத்துபவர். ஆகவே கடை மேனேஜரிடம் கேட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்றுதான் பதில் வரும். மருத்துவரின் பெயரைக் கதவில் பார்த்து அவருடைய எண்ணுக்கே அழையுங்கள். மூன்றாவது, ஆப்டோமெட்ரிஸ்ட்டும் கண் அறுவை மருத்துவரும் சேர்ந்து இயங்கும் கிளினிக். கண்புரை அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியை யார் பார்க்கிறார்கள், எந்தக் கட்டத்தில் கை மாற்றுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். நான்காவது, முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனை அல்லது காப்பீடு இல்லாதவர்கள் வருகிற சமூக சுகாதார நிலையம். சர்க்கரை நோயும் கண் நீர் அழுத்த நோயும் (கிளாக்கோமா) அங்கே வரிசையில் நிற்கும். ஆனால் அனுமதி வாங்கப் பின்னணிச் சரிபார்ப்பு, காசநோய்ப் பரிசோதனை என்று வாரக்கணக்கில் இழுக்கும், சீக்கிரமே எழுதிப் போடுங்கள். குழந்தைகளுக்கான பார்வைப் பயிற்சி, குறைபார்வை மறுவாழ்வு, கூம்பு வடிவக் கருவிழிக்கான ஸ்க்லீரல் கான்டாக்ட் லென்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு அரை நாளாவது பார்த்துவிடுங்கள். ஆப்டோமெட்ரி என்றால் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதுவது என்ற எண்ணம் அங்கே உடையும்.

சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மனதில் வையுங்கள். டெக்சஸைச் சுற்றியிருக்கிற ஓக்லஹோமா, லூசியானா, ஆர்கன்சாஸ் மூன்றிலும் ஆப்டோமெட்ரிஸ்ட் சில லேசர் சிகிச்சைகளைச் செய்யலாம், ஓக்லஹோமாவில் இது 1998 முதலே உண்டு. டெக்சஸில் இல்லை. நேர்காணலுக்குப் போகும்போது இதைத் தெரிந்து வைத்திருப்பவர் கொஞ்சம் தனியாகத் தெரிவார்.

கேட்கிற விதம். நீளமான மின்னஞ்சல் யாரும் படிப்பதில்லை. நான்கு வரி போதும். யார் நீங்கள், எந்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறீர்கள், ஒரே ஒரு அரை நாள் கூட நின்று பார்க்க அனுமதி, எந்தெந்தக் கிழமை உங்களால் முடியும். "ஒரு அரை நாள்" என்பதுதான் சாவி. முப்பது மணி நேரம் வேண்டும் என்று கேட்டால் யோசிப்பார்கள், அரை நாள் என்றால் சரி என்பார்கள், நன்றாக நடந்துகொண்டால் அவர்களே அடுத்த வாரமும் வரச் சொல்வார்கள். திங்கள் காலை அழைக்காதீர்கள், வார இறுதியில் சிவந்த கண்ணெல்லாம் அன்றுதான் வரும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் நேரில் போய் வரவேற்பு மேசையில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டு வரலாம். பத்துப் பேரிடம் கேட்டு இரண்டு பேர் சம்மதித்தால் அது நல்ல அறுவடை.

அறைக்குள் போன பிறகு தவறு நடப்பது பெரும்பாலும் நிற்கிற இடத்தில். பரிசோதனை அறை சிறியதாக இருந்தால் எழுத்து அட்டையைக் கண்ணாடியில் பிரதிபலித்துக் காட்டுவார்கள். அந்தப் பாதையில் போய் நின்றால் நோயாளிக்கு எழுத்துக்குப் பதில் உங்கள் தோள் தெரியும். மருத்துவரின் பின்பக்கம், சுவரை ஒட்டி நில்லுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், மூடிய காலணி போடுங்கள், செல்பேசியை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். நோயாளி முன்னால் கேள்வி கேட்காமல் குறித்துவைத்து, அடுத்தவர் வருவதற்குள் கேளுங்கள். வெறும் பார்வையாளராக இருந்தாலும் நோயாளித் தகவல் ரகசியச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

எதைப் பார்ப்பது? புதிதாக வருகிறவர்கள் "ஒன்று தெளிவா, இரண்டு தெளிவா" என்கிற பகுதியையே உற்றுப் பார்க்கிறார்கள். அது சலிக்கும். முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், மணி நேரம் மூன்றையும் எழுதி, கீழே ஒரே ஒரு நோயாளியைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, அடையாளம் எதுவும் கூடாது. இப்படி இருக்கலாம்: "ஐம்பதுகளில் ஒருவர். கண்ணாடி மாற்ற வந்தார். பார்வை இரு கண்ணும் 20/20, புகார் இல்லை. பல வருடச் சர்க்கரை. கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்த்ததில் விழித்திரையில் சிறு ரத்தப் புள்ளிகள். மையப் பகுதியில் வீக்கம் இல்லை என்று ஓ.சி.டி. ஸ்கேனில் உறுதி. லேசரும் இல்லை, ஊசியும் இல்லை. குடும்ப மருத்துவருக்குக் கடிதம், மறுபடி வரச் சொல்லித் தேதி. ஏன் இன்னும் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பவில்லை என்று கேட்டேன்." கடைசி வரிக்குக் கிடைத்த பதிலையும் எழுதுங்கள். விண்ணப்பக் கட்டுரை எழுத உட்காரும்போது இப்படிப்பட்ட இருபது குறிப்பு கையில் இருந்தால், "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்குகிற வழக்கமான கட்டுரையை நீங்கள் எழுத வேண்டியிருக்காது. சலிப்பான பகுதிகளையும் பாருங்கள்: காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவது, இரண்டாம் முறை செய்து வந்த லென்ஸும் சரியில்லை என்று திரும்பி வருகிற புரோக்ரெசிவ் லென்ஸ்காரர், ஒரே உலர்கண் புகாரோடு ஆறாவது முறை வருகிறவர். இவை தாங்குமா என்பதுதான் உண்மையான சோதனை.

இனி டெக்னீஷியன் வேலை. சேர்க்கைக்கு இது கட்டாயம் இல்லை. ஆனால் ஷேடோயிங் கொடுக்காததை இது கொடுக்கும்: கை பழகும். அனுபவம் இல்லாதவரை எடுத்துப் பயிற்சி கொடுக்கிற கிளினிக்குகள் நிறைய இருக்கின்றன, சனிக்கிழமைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற இடங்கள் இன்னும் அதிகம். உங்களுக்கு அதுதான் வாசல். வேகமாகத் தட்டச்சு செய்வீர்கள் என்பதால் ஸ்க்ரைப் வேலையையும் கேட்டுப் பாருங்கள், மருத்துவர் சொல்லச் சொல்லக் கணினியில் பதிவது. அவர் யோசிக்கிற வரிசையே உங்கள் விரல் வழியாக ஓடும். சம்பளம் மணிக்கு 20 டாலரை ஒட்டித்தான் இருக்கும், ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. கிளினிக் உதவியாளர்களுக்கு அமெரிக்க ஆப்டோமெட்ரிக் சங்கம் தரும் சி.பி.ஓ. சான்றிதழ் போன்றவை உண்டு, நீண்ட நாள் அந்த வேலையிலேயே இருக்கப் போகிறவருக்கு நல்லது. இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போகிறவர் அந்த நேரத்தைக் கரிம வேதியியலுக்குக் கொடுக்கலாம்.

வேலையில் முதல் வாரம் லென்சோமீட்டரைக் கொடுப்பார்கள். பழைய கண்ணாடியை அதில் வைத்துப் பவரை அளந்து எழுத வேண்டும். ஆப்டோமெட்ரி கிளினிக்கில் சிலிண்டரை மைனஸில் எழுதுவார்கள், அறுவை மருத்துவர்களின் கிளினிக்கில் பெரும்பாலும் பிளஸில் எழுதுவார்கள். ஒரே லென்ஸ்தான். +2.00 −1.00 × 90 என்பதும் +1.00 +1.00 × 180 என்பதும் ஒன்று. ஸ்பியரோடு (முதல் எண்) சிலிண்டரைக் (இரண்டாவது எண்) கூட்டு, சிலிண்டரின் குறியை மாற்று, அச்சை (கடைசி எண்) 90 டிகிரி திருப்பு. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகினால் முதல் ஆண்டு ஒளியியல் பாடம் பாதி எளிதாகிவிடும். அடுத்தது ஆட்டோ ரெஃப்ராக்டர், கண்ணின் பவரைத் தானாக அளக்கிற கருவி. பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ளே தெரிகிற படத்தை உற்றுப் பார்த்துக் கண்ணை இறுக்கினால் இல்லாத மைனஸ் பவரைக் காட்டும், அதனால்தான் அந்த எண்ணை யாரும் அப்படியே எழுதிக் கொடுப்பதில்லை. காற்றடித்து அழுத்தம் பார்க்கிற கருவியில் நோயாளி இமையை இறுக்கினால் அளவு கூடுதலாக வரும், ஒரே அளவை நம்பாமல் திரும்ப எடுக்க வேண்டும். பார்வைப் புலச் சோதனையில் மேலிமை தொங்குகிறவருக்கு மேல் பாதி இருண்டு வரும். கண் நீர் அழுத்த நோய் என்று பயப்படுவதற்கு முன் இமையை டேப் போட்டுத் தூக்கி மறுபடி எடுப்பார்கள். சொட்டு மருந்துக்கு ஒரு வரிசை உண்டு. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, அழுத்தம் எவ்வளவு, முன்னறைக் கோணம் திறந்திருக்கிறதா, மூன்றும் பார்த்த பிறகே சொட்டு. விட்டபின் கண்மணியைச் சோதிக்க முடியாது. கோணம் குறுகியவருக்கு விட்டால் அழுத்தம் திடீரென ஏறும் ஆபத்தும் இருக்கிறது.

வரவேற்பு மேசை வேலை கிடைத்தாலும் மட்டமாக நினைக்காதீர்கள். "கண்ணில் மின்னல் அடிக்கிறது, கறுப்புப் புள்ளிகள் பறக்கின்றன, ஓரத்தில் திரை விழுந்தாற்போல இருக்கிறது" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னால் அது அடுத்த வாரத்துக்கான அப்பாயின்ட்மெண்ட் அல்ல, அன்றைக்கே பார்க்க வேண்டிய விழித்திரை விலகல் சந்தேகம். கண்ணில் ரசாயனம் பட்டது என்றால் கிளினிக்குக்குக் கிளம்புவதற்கு முன் அங்கேயே தண்ணீரில் கழுவச் சொல்ல வேண்டும். இதை எல்லாம் அங்கேதான் கற்பார்கள்.

விசா விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த நிலையில் இருக்கிற பாதிப் பேருக்கு இதுதான் முட்டுக்கட்டை. எச்-1பி வேலை விசாவில் இருந்தால் உங்களுக்கு மனுப் போட்ட நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் சனிக்கிழமை மட்டும் என்றாலும் வேலை பார்க்க முடியாது. டெக்னீஷியன் வேலைக்குப் பட்டம் தேவையில்லை என்பதால் அதற்கு இரண்டாவது எச்-1பியும் கைகூடாது. "சம்பளம் வாங்காமல் செய்கிறேன்" என்பதும் தப்பிக்கிற வழி அல்ல, வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையை இலவசமாகச் செய்தாலும் சிக்கல்தான். கை வைக்காமல் நின்று பார்ப்பது வேறு, பகுதிநேரமாகப் பாடம் படிப்பதும் வேறு, இரண்டும் பொதுவாகத் தொல்லை தராதவை. எச்-1பிக்காரரின் துணைவருக்கான எச்-4 விசாவோடு வேலை அனுமதி அட்டையும் இருந்தால் தாராளமாக வேலை செய்யலாம். எல்லைக்கோட்டில் இருக்கிற எதற்கும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இதில் நான் சொல்வது போதாது. கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் பொதுவாகக் கிடையாது என்பதும் கணக்கில் இருக்கட்டும். இருப்பவர்களுக்கும் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கினால் மேற்படிப்புக்கான பழைய கிராட் பிளஸ் அரசுக் கடன் இல்லை, ஆப்டோமெட்ரி போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. நான்கு ஆண்டு சம்பளமும் இல்லாமல் இருக்கப் போகிறீர்கள், வீட்டில் இதைப் பேசிவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது மதுரை அரவிந்திலோ சென்னை சங்கர நேத்ராலயாவிலோ சில வாரம் இருந்துவந்தால் கணக்கில் வருமா என்று பலர் கேட்பதுண்டு. அங்கே ஒரு காலையில் பார்க்கிற நோயாளிகளின் எண்ணிக்கையும் வகையும் இங்கே ஒரு மாதத்தில் கிடைக்காது, பார்க்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். ஆனால் அங்கே வேலை பிரிந்திருக்கிற விதம் வேறு. அரவிந்தில் பரிசோதனையின் பெரும்பகுதியைக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் செய்கிறார்கள். அமெரிக்க ஆப்டோமெட்ரிஸ்ட்டின் பொறுப்பு என்ன என்பதற்கு அது சாட்சி ஆகாது. கூடுதல் அனுபவமாக எழுதலாம், இங்கே செய்த ஷேடோயிங்குக்கு மாற்றாக எழுத முடியாது. இங்கேயே தன்னார்வப் பணி வேண்டுமென்றால் ரிமோட் ஏரியா மெடிக்கல் நடத்துகிற இலவச முகாம்களில் மருத்துவம் படிக்காதவர்களுக்கும் வேலை உண்டு, லயன்ஸ் சங்கங்களின் பார்வைப் பரிசோதனை முகாம்களும் உண்டு.

பழைய வேலையை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். டெஸ்டிங் என்பது ஒரே விஷயத்தை வெவ்வேறு வழியில் சோதித்து, எங்கே உடைகிறது என்று பதிவு செய்வது. ஏன் விலகுகிறீர்கள் என்பதை விட, கண் பரிசோதனை அறையில் என்ன பார்த்ததால் இங்கே வருகிறீர்கள் என்பதை அதிகம் எழுதுங்கள். ஐ.டி.யில் ஆள்குறைப்பு பயம் என்று மட்டும் தெரிந்தால் குழு தயங்கும்.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதம். பெரும்பாலான கல்லூரிகள் குறைந்தது ஒன்றை ஆப்டோமெட்ரிஸ்ட்டிடமிருந்து எதிர்பார்க்கும், மாதக்கணக்கில் ஒருவரிடமே போகச் சொன்னதன் பாதிக் காரணம் இதுதான். ஆப்டம்காஸ் என்கிற பொது விண்ணப்பத் தளம் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் திறக்கும், கல்லூரிகள் விண்ணப்பங்கள் வந்து சேரச் சேரப் பார்த்து இடம் கொடுத்துக்கொண்டே போகும். அதனால் தாமதம் செலவு வைக்கும். மே மாதமே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது உங்கள் தகுதிக் குறிப்பு, மணிக்கணக்கு, நோட்டிலிருந்து அவர் முன்னால் நடந்த இரண்டு மூன்று நிகழ்வுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொடுங்கள், நல்ல கடிதம் அதிலிருந்துதான் பிறக்கும். கடிதம் அனுப்புவதற்கான இணைப்பு தளத்திலிருந்து அவருடைய மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும், பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் போய் விழும். அனுப்பிய அன்றே அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி, அவர் அங்கே தேடிப் பார்த்தாரா என்று இரண்டு நாளில் விசாரித்துவிடுங்கள்.